எதிர்மனுதாரர் வண்டியில் வந்த மனுதாரர்

அரசாங்கம் எனக்கும் கட்டணம் தருகிறது, என்னை எதிர்த்து வாதாடுகிறவருக்கும் தருகிறது. இதைத் தென்னேரியில் இருக்கும் என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் தெருவில் முதலில் கறுப்புக் கோட்டுப் போட்டவள் நான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாரைப் பார்த்தாலும் மகள் கவர்மென்ட் வக்கீல் என்று சொல்லிவிடுவார். இல்லம்மா, நான் கவர்மென்ட் வக்கீல் இல்லை, ஏழைகளுக்குக் கவர்மென்ட் பிடித்துக் கொடுக்கும் வக்கீல் என்றால், ரெண்டும் ஒண்ணுதானே என்பார். சம்பளத்தைப் பார்த்தால் ஒன்றில்லை என்று தெரியும். அதை நான் அவரிடம் காட்டுவதில்லை.

காஞ்சிபுரத்தில் நீதிமன்றக் கட்டடத்தின் ஓரத்தில் எங்கள் இலவச சட்ட உதவி அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, யார் எடுத்துப் போனாலும் திரும்பி வராத ஒரு ஸ்டேப்ளர். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் வந்தால் பட்டியலில் இருக்கும் எங்களில் ஒருவரை அனுப்புவார்கள். வழக்கு முடிந்து, கட்சிக்காரரின் முகமே மறந்துபோன பிறகு, ஒருநாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். நிதி வரவில்லை, கோப்பு மேலே போயிருக்கிறது என்பதெல்லாம் அந்த அறையின் நலம் விசாரிப்புகள். ஆனால் விழிப்புணர்வு முகாமுக்கு பிளக்ஸ் அடிக்கும் நிதி மட்டும் எப்படியோ நேரத்துக்கு வந்துவிடும். அதில் நீதி தேவதை தராசோடு நிற்பாள். ஆடிக் காற்றில் முதலில் கிழிவது தராசுதான்.

அப்படி ரேஷன் கடை வாசலில் கட்டியிருந்த பிளக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு. வலது கைப் பெருவிரல் ஓரம் பட்டு நூல் அறுத்த கோடுகளைப் பார்த்தால், என்ன வேலை என்று கேட்கத் தேவையில்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, இங்க நெஜமாவே காசு வேணாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இலவச அரிசியை முகர்ந்து பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கொஞ்சம் கோபக்காரி. வேண்டுமென்றால் காசு கொடுத்து வெளியே நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்று சொல்லவும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அவருக்கு நடந்தது இதுதான். வீடு கணவர் பெயரில். கணவருக்கு நெசவு வெறுத்துப்போய், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர ஆசை. வீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கமே வாடகைக்குப் போகலாம் என்பது அவர் திட்டம். வாங்க வந்தவர்களும் தயார். பட்டுப்புடவை எடுக்கக் கல்யாணக் கூட்டத்தோடு வருகிறவர்களின் வேன் நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த கடைக்காரர்கள். வீட்டை இடித்துத் தரையைச் சமப்படுத்தினால் இரண்டு வேன் நிற்கும். மனைவி முடியாது என்றார். பேச்சு வளர்ந்து ஒருநாள் கணவர் கன்னத்தில் அறைந்து வெளியே தள்ளி, கதவைப் பூட்டிவிட்டார். ஓரிக்கையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்ட இவருக்கு இப்போது தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வீட்டுக்குத் திரும்ப வழி உண்டா, இல்லையா.

உண்டு என்றேன். வீடு யார் பெயரில் இருந்தாலும் குடும்பம் நடத்திய வீட்டில் மனைவி இருக்கலாம், வெளியே தள்ள முடியாது, வழக்கு நடக்கும்போது விற்கவும் விடாமல் தடுக்கலாம் என்று சட்டத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னதை நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே அறைக்கு, அதே மேசைக்கு, கையில் நீதிமன்ற சம்மனோடு கணவர் வந்தார். வருமானம் குறைவு என்று அவருக்கும் இலவச வக்கீல் உண்டு. பட்டியலில் அடுத்த பெயர் என் பக்கத்து நாற்காலிக்காரருடையது. என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். அவர் படித்து முடிக்கும்வரை அவருடைய அம்மா தறியில் உட்கார்ந்தவர். ஆக, அன்றிலிருந்து அந்த ஒற்றை மின்விசிறிக்குக் கீழே மனுதாரரின் வக்கீலும் எதிர்மனுதாரரின் வக்கீலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் வழக்குக் கட்டை மற்றவர் பார்க்காமல் கையால் மறைத்து எழுதினோம். பரீட்சை எழுதும் பிள்ளைகள் கூட அவ்வளவு மறைக்க மாட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. அவருக்கும் வக்கீலை அரசாங்கம்தான் கொடுத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப ரெண்டு தறிக்கும் ஒரே மொதலாளியாம்மா?" என்றார். "மொதலாளி ஒண்ணுன்னா ரெண்டு தறியிலயும் ஒரே பொடவதானே எறங்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இருவரும் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு அவர் வீட்டை விற்றுவிடுவோம் என்று அவர் நினைக்கிறார். அப்படியெல்லாம் இல்லை, காசு யார் கொடுத்தாலும் சண்டை சண்டைதான் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டணமும் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது, நல்ல பிழைப்புதான் என்று தம்பியிடம் புலம்பினேன். அவர் சிரித்தார்.

முதல் விசாரணை நாள் வந்தது. எங்கள் மாஜிஸ்திரேட் தெற்கே இருந்து மாற்றலாகி வந்த அம்மையார், ஊருக்குப் புதிது. வழக்கைக் கூப்பிட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இவர் உங்களை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார் என்று மனு போட்டிருக்கிறீர்கள். நான் இப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துதானே வந்தீர்கள்?"

நீதிமன்றமே திரும்பிப் பார்த்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மாள் கொஞ்சமும் அசையவில்லை. ஆமாங்க என்றார். கணவரும் ஆமாங்க என்றார். அவர்கள் ஒரே குரலில் சொன்னது அன்றைக்கு அது ஒன்றுதான்.

காரணத்தை நான்தான் எடுத்துச் சொன்னேன். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையை ஒரு ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நூல் சுற்றிய நாடாவை ஓட்டி, உடல் நூலோடு ஒவ்வொரு இழையாகக் கோக்க வேண்டும். இவர்கள் வீட்டில் நெய்கிறவர் கணவர், கோர்வை போடுகிறவர் மனைவி. சண்டை வந்தபோது தறியில் பாவு, அதாவது புடவைக்கான நீளவாட்டு நூல், ஏறியிருந்தது. ஒரு பாவில் மூன்று புடவை இறங்கும். பாதிப் பாவில் ஆளை மாற்றினால் கரையும் உடலும் சேரும் இடத்தில் புதுக் கையின் இழுப்பு தெரிந்துவிடும். ஏறின பாவை அறுத்து இறக்குவதோ எந்த நெசவாளர் வீட்டிலும் நினைத்துப் பார்க்கிற காரியமில்லை. எனவே இவர் ஓரிக்கையிலிருந்து தினமும் காலையில் வருவார். இருவரும் தறியில் உட்காருவார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சாயங்காலம் இவர் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார். இன்று விசாரணை முடிந்ததும் மறுபடி தறிக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நின்றால் பாதி நாள் போய்விடும், அதனால்தான் ஒரே வண்டி.

மாஜிஸ்திரேட் அம்மையார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, வண்டியிலும் பேசிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டார். மாட்டோம் என்றார் கணவர், கொஞ்சம் பெருமையாகவே. வாய்தா போட்டார்கள். இருவரும் ஒரே மொபெட்டில் ஏறிப் போனார்கள். பின்னால் உட்கார்ந்தவர் முன்னால் இருந்தவரைப் பிடிக்காமல் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாவு இறங்கும் வரைதான் கணவர் பொறுப்பார். இறங்கிய மறுநாள் வீடு கைமாறும் என்று பேச்சு. வழக்கு அதற்குள் முடியுமா என்பதுதான் என் கவலை. நீதிமன்றத்தின் வேகம் எனக்குத் தெரியும். ஒருமுறை மாஜிஸ்திரேட் விடுப்பு, ஒருமுறை வக்கீல்கள் பகிஷ்கரிப்பு, ஒருமுறை தம்பி கேட்டு வாங்கின வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் அந்த அம்மாளிடம் தலைகுனிந்து தேதி சொல்வேன். அவரோ, பரவாயில்லம்மா, நிதானமா நடக்கட்டும் என்பார். இவ்வளவு பொறுமையான கட்சிக்காரரை நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தேகம்கூட வந்தது.

விடை தம்பியிடமிருந்து வந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"அக்கா, உங்க பார்ட்டி வேணும்னே ஸ்லோவா கோக்குறாங்களாம். ஒரு எழையக் கோத்துட்டு அத மூணு தடவ தடவிப் பாக்குறாங்களாம். எங்க ஆளு பொலம்பிக்கினு இருக்குறாரு. இதுக்கு எந்த செக்ஷன்ல பெட்டிஷன் போடறது?"

எனக்குச் சோறு புரையேறிவிட்டது. நீதிமன்றம் வாய்தா போட்டால் அவரும் தறியில் வாய்தா போட்டுக்கொண்டிருந்தார். கணவர் நாடாவை ஓட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனைவி கோக்காமல் அடுத்த இழை விழாது. கேட்பதற்கு வழியில்லை, ஏனென்றால் இருவருக்கும் பேச்சு இல்லை. வேகமா கோத்துடுன்னு சொன்னா அதுவே தோத்த மாதிரி ஆயிடும்னு எங்க ஆளு வாய மூடிக்கினு இருக்குறாரு என்றார் தம்பி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்குப் பிரிவு கிடையாது. நான் சந்தோஷமாக இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

ஆனால் தம்பியைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். இறுதியாக இடைக்கால மனுவின் மேல் வாதம் வந்த அன்று அவர் எழுந்து பேசியது கச்சிதமாக இருந்தது. வீட்டை விட்டுத் துரத்தியதாகச் சொல்கிறார்கள். ஆனால் மனுதாரர் தினமும் காலையில் அதே வீட்டுக்குப் போகிறார், நாள் முழுக்க அங்கேயே இருக்கிறார், அங்கேயே சாப்பிடுகிறார், கணவரோடு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார், அவர் வண்டியிலேயே நீதிமன்றத்துக்கு வருகிறார். இதில் துரத்தல் எங்கே இருக்கிறது? கோர்வை என்பது கணவன் மனைவி ஒத்துமை இல்லாமல் நடக்கிற காரியமே அல்ல, நானே நெசவாளர் குடும்பம், எனக்குத் தெரியும் என்று முடித்தார்.

எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. ஒரே மேசையில் உட்கார்ந்து என் ஊறுகாயைத் தின்கிற பிள்ளை, இப்படி ஒரு வாதத்தைக் கையால் மறைத்தே எழுதியிருக்கிறது. மாஜிஸ்திரேட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து சட்டத்தைச் சொன்னேன், முன் தீர்ப்புகளைச் சொன்னேன். அறைந்தார் என்பதைச் சொன்னேன். என் குரல்தான் உயர்ந்ததே தவிர எதுவும் ஏறவில்லை. கணவரின் முகத்தில் வீடு விற்றுவிட்ட நிம்மதி வந்துவிட்டது. மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் அம்மையார் மனுதாரரையே கூப்பிட்டார். தினமும் அந்த வீட்டுக்குள்தானே இருக்கிறீர்கள், பிறகு எதைக் கேட்டு வழக்கு போட்டீர்கள் என்றார்.

அந்த அம்மாள் முதலில் தம்பியைத்தான் பார்த்தார்.

"கோர்வ போட்டா குடும்பம் நடத்துறதா ஆயிடுமா சார்? உங்கம்மாவும் போட்டவங்கதானே. அவங்களக் கேளுங்க."

பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார்.

"நான் தெனமும் காலைல போயி கதவத் தட்டுறேம்மா. அவரு தொறக்குறாரு. சாயங்காலம் நான் வெளிய வந்ததும் பூட்டிக்கினு சாவிய ஜோபில போட்டுக்குறாரு. கூலிக்கு வர்றவங்கதாம்மா கதவத் தட்டுவாங்க. இருவது வருசம் இருந்த வூட்ட நான் எதுக்குத் தட்டணும்? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சாவி வேணும்."

தம்பி கட்டுக்குள் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். அவர் தேடிய பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. பதில் வாதம் உண்டா என்று அம்மையார் கேட்டபோது, இல்லை அம்மா என்றார். அவர் மேல் இருந்த என் கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதிப் பாதியை ஊறுகாய்க்காக வைத்துக்கொண்டேன்.

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. வழக்கு முடியும்வரை மனுதாரர் அந்த வீட்டில் தங்கலாம். தடுக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது. வீட்டை விற்கவோ வேறு யாருக்கும் மாற்றவோ கூடாது. சாவி ஒன்றை இன்றே கொடுக்க வேண்டும். கணவர் சட்டைப் பையில் கைவிட்டு, இருந்த ஒரே சாவியை எடுத்தார். மனைவி கையில் நேராகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தம்பியிடம் கொடுத்தார். தம்பி என்னிடம் கொடுத்தார். நான் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். கைநீட்டும் தூரத்தில் நின்ற மனைவிக்கு, அரசாங்கச் செலவில், இரண்டு வக்கீல்கள் வழியாகச் சாவி போய்ச் சேர்ந்தது. நம் வரிப்பணம் இதைவிட மோசமாகவும் செலவாகியிருக்கிறது.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தாம்மா சண்ட போட்டீங்க. சும்மா சொல்லக்கூடாது," என்றார்.

வழக்கில் ஜெயித்ததைவிட எனக்கு அதுதான் இனித்தது. வீடு வரை கூட வரமுடியுமா என்று கேட்டார். அவர் மனசு மாறிட்டா என்று கணவர் நின்ற பக்கம் கண்ணைக் காட்டினார். அன்று அந்த அம்மாள் மொபெட்டில் ஏறவில்லை. என் ஸ்கூட்டரில் ஏறினார். எதிர்மனுதாரரின் நலனைக் காக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தம்பியும் பின்னால் வந்தார். உண்மையில் என்ன நடக்கும் என்று பார்க்கத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதற்குத்தான் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கணவர் முன்னாடியே வந்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். சாவி இல்லாமல் என்ன செய்வார். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தறிச் சத்தம் நின்றுவிட்டது, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினார். இரண்டாவது திருப்பில் திறந்தது. உள்ளே போனார். கணவர் பின்னாலேயே நுழைந்து, வழக்கம்போல நேராகப் போய்த் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் புடவை, முக்கால்வாசி நெய்து நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டியது. பொழுதும் இன்னும் நிறைய இருந்தது. அவர் பக்கத்து இடத்தைப் பார்த்தார், மனைவி வந்து உட்காருவார் என்று. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்த அம்மாள் தறிப் பக்கமே போகவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து, தறியிலிருந்து நாலடி தள்ளித் தரையில் விரித்தார். நட்ட நடுப் பகல். கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்.

வாசலில் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத்தான், தறி என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

"தறி நாளைக்கி இருக்குதும்மா," என்றார், கண்ணைத் திறக்காமலே. "என் வூட்ல நான் கொஞ்ச நேரம் படுக்குறேன்."

கணவர் எங்களைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நாடாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.